வெள்ளிக்கிழமைப் பாஸ்தா: மாவுச்சத்தைக் குறைத்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

ஆலோசனைக்கு வந்த பெண்மணி உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் மேசைமேல் விரித்து வைத்தார். ஐந்து மாதக் கணக்கு. காலை எடை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, சாப்பிட்ட பின் சர்க்கரை என எல்லாம் நீல மையில், கோடு போட்டு எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் 187 என்று எழுதி இரண்டு முறை வட்டம் போட்டிருந்தார். பக்கத்திலேயே, "பாஸ்தா. இனி இல்லை."

"ஒரே ஒரு ராத்திரி மேடம். அஞ்சு மாசம் பட்ட பாடு அத்தனையும் போச்சு."

அவர் அனுமதியோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். உணவு ஆலோசனை வேலையில் இந்தச் சிவப்பு வட்டத்தை வேறு வேறு நோட்டுகளில் பார்த்திருக்கிறேன். இவர் நோட்டில் எண்கள் ஒழுங்காக இருந்ததால் என்ன நடந்தது என்பதைப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

பின்னணி

வயது 49. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் முன்நிலை, 6.5-ஐத் தொட்டால் நோய் என்பது வழக்கத்தில் உள்ள அளவுகோல். மருந்து எதுவும் எடுக்கவில்லை. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மாவுச்சத்தைக் குறைத்தார். நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே போனாலே குறை மாவுச்சத்து உணவுமுறை என்பார்கள். 20 முதல் 50 கிராமுக்குள் நிற்பது அதன் கடுமையான வகை. இவர் 40, 45 என்று அந்தக் கடுமையான பக்கத்தில் நின்றார். எடை 78 கிலோவிலிருந்து 71-க்கு வந்திருந்தது. வெறும் வயிற்றில் 112 இருந்த சர்க்கரை 95-ஐ ஒட்டி வந்திருந்தது.

கேட்டுக்கேட்டுத்தான் வெளியே வந்த விஷயம் ஒன்று உண்டு. அவரும் கல்லூரியில் படிக்கும் மகளும் பல வருடங்களாக வெள்ளிக்கிழமை இரவு சேர்ந்து பாஸ்தா செய்வார்கள். ஒருத்தி பூண்டு நறுக்க, இன்னொருத்தி தண்ணீரைக் கொதிக்க வைப்பாள். உணவுமுறை மாறிய பிறகு மகள் தனக்கு மட்டும் செய்து அறையில் வைத்துச் சாப்பிட, அம்மா அவித்த முட்டையும் கீரையும் வைத்துக்கொண்டு மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஐந்து மாதம் கழித்து மகளின் பிறந்தநாள் ஒரு வெள்ளிக்கிழமையில் விழுந்தது. அன்றுதான் அந்த 187.

அந்த இரவு

"எவ்வளவு சாப்பிட்டீங்க?"

"ஒரு தட்டுதான் மேடம். ரெண்டாவது தடவை போட்டுக்கல."

தட்டு ஓர் அளவே கிடையாது. வீட்டுக்குப் போய் அன்று போட்ட அளவு பாஸ்தாவை, வேகாததாக, கண்ணால் மதித்து ஒரு கிண்ணத்தில் கொட்டி எடைபோட்டுச் சொல்லச் சொன்னேன். இரவு செய்தி வந்தது: 130 கிராம். கூடவே ஓர் ஆச்சரியக்குறி.

காய்ந்த கோதுமைப் பாஸ்தாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 72 கிராம் செரிக்கும் மாவுச்சத்து இருக்கிறது. வெந்தால் அதே பாஸ்தா தண்ணீர் குடித்து இரண்டேகால், இரண்டரை மடங்கு எடையாகும். காய்ந்த எடையையும் வெந்த எடையையும் குழப்பிக்கொள்வது இந்தக் கணக்கில் எல்லோருக்கும் நேரும் முதல் தவறு. 130 கிராம் காய்ந்தது என்றால் 93 கிராம் மாவுச்சத்து. கூட இரண்டு துண்டு பூண்டு ரொட்டி, கொஞ்சம் கேக். மொத்தம் 140 கிராமை எட்டியிருக்கும். வழக்கமாக மூன்று நாளில் சாப்பிடுவதை ஒரே வேளையில் முடித்திருக்கிறார். அமெரிக்கப் பாக்கெட்டுகளில் ஒரு பரிமாறல் 56 கிராம் என்று போட்டிருப்பார்கள். அந்த 56 கிராமைத் தட்டில் போட்டுக் காட்டினால் பெரும்பாலும் யாருக்கும் சிரிப்புத்தான் வரும்.

அளவைச் சொன்னதும் அவர் முகம் இன்னும் வாடிவிட்டது, "அப்போ தப்பு என்மேலதான்" என்று. ஆனால் அளவு மட்டும் 187-ஐ விளக்கிவிடாது. ஐந்து மாதத்துக்கு முன்பு, உணவுமுறை தொடங்கும் முன்னால், இதே போன்ற ஓர் இரவில் அவர் பார்த்திருந்த எண் 164. அதுவும் நோட்டில் இருந்தது. அவரைப் பயமுறுத்தியது உண்மையில் இந்த ஒப்பீடுதான். ஏழு கிலோ இறங்கி, எல்லா எண்ணும் சீராகி, அதே பாஸ்தாவுக்கு முன்னைவிட மோசமாக ஏறுகிறதே, உள்ளே ஏதோ கெட்டுவிட்டதோ என்று நினைத்திருக்கிறார்.

மீட்டர் சொன்னதும் சொல்லாததும்

இந்த நிகழ்வில் நான் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான்.

குளூக்கோஸ் சகிப்புப் பரிசோதனைக்குப் போகிறவர்களிடம் ஒரு நிபந்தனை சொல்வார்கள்: அதற்கு முந்தைய மூன்று நாளாவது தினமும் 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும். மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட்டு வந்தவருக்குத் திடீரென்று 75 கிராம் குளூக்கோஸ் கரைசலைக் கொடுத்தால், நோய் இல்லாவிட்டாலும் எண் ஏறிக் காட்டக்கூடும் என்பதே காரணம். உடம்பு கொழுப்பை எரித்து ஓடப் பழகியிருக்கிறது. ரத்தத்தில் கொழுப்பு அமிலங்கள் கூடுதலாக ஓடுகின்றன. தசைகள் குளூக்கோஸைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும் நிலையில் இல்லை. சாப்பிட்ட உடன் கணையம் விடும் முதல் அலை இன்சுலினும் மந்தமாக வருகிறது. யாரும் வராத வீட்டில் திடீரென்று முப்பது பேர் வந்து நின்றால் பாய் எடுத்து விரிக்கவே நேரமாகும் இல்லையா, அந்த மாதிரி.

அவருடைய 187-இல் இந்தப் பழக்கமின்மைக்கு ஒரு பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை, ஆனால் 164-ஐயும் 187-ஐயும் பக்கத்தில் வைத்து "நான் மோசமாகிவிட்டேன்" என்று முடிவு கட்ட முடியாது என்பது உறுதி. இன்னொன்று: வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரத்தில், 100-க்கு மேற்பட்ட அளவுகளில் ஆய்வக எண்ணிலிருந்து 15 சதவீதம் மேலோ கீழோ விலகலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். 187 என்று திரையில் வந்தது ஏறக்குறைய 160-ஆகவும் இருக்கலாம், 215-ஆகவும் இருக்கலாம். ஒற்றை எண்ணுக்குச் சிவப்பு மையைத் திறப்பது அவசரம். பூண்டு ரொட்டியையும் கேக்கையும் பிட்ட விரலைக் கழுவினாரா என்று கேட்டேன். துடைத்தாராம். விரல் நுனியில் ஒட்டிய இனிப்பே மீட்டரை ஏமாற்றிவிடும்.

மறுநாள் காலை எடை 1.6 கிலோ கூடியிருந்தது நோட்டின் அடுத்த வரி. இது எனக்குச் சுலபமான வரி. 1.6 கிலோ உடற்கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் 12,000 கலோரிக்கு அதிகமாக உள்ளே போயிருக்க வேண்டும். எந்தப் பிறந்தநாளிலும் அது நடக்காது. மாவுச்சத்து கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேமிக்கப்படும்போது ஒரு கிராமுக்கு மூன்று கிராம் அளவு தண்ணீரையும் கூடவே பிடித்துவைக்கிறது. சாஸில் இருந்த உப்பு இன்னும் கொஞ்சம் நீரை நிறுத்தியது. மீதி, குடலில் இன்னும் நகராத சாப்பாடு. உணவுமுறையின் முதல் வாரத்தில் இரண்டு கிலோ மளமளவென்று இறங்கியபோது சந்தோஷப்பட்டார் அல்லவா, அப்போது வெளியேறியதும் பெரும்பாலும் இதே தண்ணீர்தான். நோட்டைப் புரட்டிக் காட்டினேன். பிறந்தநாள் முடிந்த ஐந்தாம் நாள் எடை 71.2. அதை அவரே நீல மையில் எழுதியிருந்தார், கவனிக்கவில்லை.

நான் செய்த தவறு

பாஸ்தாவை விட்டுவிடவும் வேண்டாம், பழைய தட்டுக்குத் திரும்பவும் வேண்டாம், வெள்ளிக்கிழமை மேசைக்கு இருவரும் திரும்பி வர வழி பார்க்கலாம் என்று பேசிக்கொண்டோம். நான் உடனே என்னிடம் இருந்த பட்டியலின் முதல் வரியைக் கொடுத்துவிட்டேன்: வெள்ளரிபோல் இருக்கும் சுக்கினிக் காயை நூடுல்ஸ்போல நீளமாகச் சீவுங்கள். 300 கிராம் காயில் 9 கிராம்தான் மாவுச்சத்து, அதிலும் 3 கிராம் சர்க்கரையை ஏற்றாத நார்ச்சத்து. காகிதத்தில் இதைவிட நல்ல விடை கிடையாது.

அந்த வெள்ளி மகள் சொன்னதை அவர் அப்படியே எனக்கு எழுதினார்: "அம்மா, இது பாஸ்தா இல்ல. சூப்."

சுக்கினியில் 95 சதவீதம் தண்ணீர். சீவியதும் உப்புத் தூவி இருபது நிமிடம் வைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, அகலமான வாணலியில் பெருந்தீயில் இரண்டே நிமிடம் புரட்டி இறக்க வேண்டும். மூடி போடக் கூடாது. சாஸில் போட்டுக் கொதிக்கவிடவே கூடாது. அவர் மூடி போட்டிருந்தார். மறுவாரம் முறைப்படி செய்தார். தண்ணீர் விடவில்லை, நிறமும் நன்றாக வந்தது. "நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா காய் காய்தான்."

அப்போதுதான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். பாஸ்தாவில் உங்களுக்கு எது பிடிக்கும்?

கொஞ்ச நேரம் யோசித்தார். "கடிக்கிறப்போ நடுவுல லேசா ஒரு கெட்டி இருக்குமே, அது."

சிலர் சாஸ் என்பார்கள். அவர்களுக்குச் சுக்கினியோ, மெல்லிதாக அரிந்து வதக்கிய முட்டைகோஸோ போதும், ஏனென்றால் அவர்கள் விரும்புவது கிரீமையும் சீஸையும் பூண்டையும். அவற்றில் மாவுச்சத்து ஏற்கெனவே குறைவு. சிலருக்கு முள்கரண்டியில் சுற்றி உறிஞ்சும் விளையாட்டு பிடிக்கும். சிலருக்கு வயிறு நிறைந்து கனக்கும் அந்த மயக்கம் பிடிக்கும், அதற்குத்தான் மாற்றே கிடையாது. இவர் தேடியது பல்லில் படும் பதம். அல் டென்டே என்ற இத்தாலியச் சொல்லுக்கே 'பல்லுக்கு' என்றுதான் பொருள். பல்லுக்காக ஏங்கியவருக்குப் பிழிந்த காயைக் கொடுத்திருக்கிறேன்.

மாற்றுகளோடு சில வெள்ளிகள்

அடுத்தது ஷிராட்டாகி. சேனைக்கிழங்கின் பேரினத்தைச் சேர்ந்த கொன்ஜாக் கிழங்கின் மாவைச் சுண்ணாம்பு நீர் சேர்த்து உறைய வைத்துச் செய்யும் ஜப்பானிய நூடுல்ஸ். 97 சதவீதம் தண்ணீர், மீதி பெரும்பாலும் குளூக்கோமன்னான் என்ற நார்ச்சத்து. சர்க்கரை அநேகமாக ஏறவே ஏறாது. பாக்கெட்டைப் பிரித்ததும் மீன் வாடை அடிக்கும். நன்றாக அலசி, இரண்டு நிமிடம் கொதிக்க வைத்து, எண்ணெய் இல்லாத வாணலியில் ஈரம் போய்க் கீச்சென்று சத்தம் வரும்வரை புரட்டினால் வாடை போய்விடும். ரப்பர் தன்மை போகாது. இவர் கிரீம் சாஸோடு சாப்பிட்டுப் பார்த்தார். சாஸ் தனியாக, நூடுல்ஸ் தனியாக, ஒன்றோடொன்று பேசாத இருவர்போல் தட்டில் கிடந்தன. தெளிந்த சாற்றில், இஞ்சியும் காளானும் போட்டால் ஷிராட்டாகி அருமையாக இருக்கும். அது வேறு சாப்பாடு. அதைப் பாஸ்தா இடத்தில் உட்கார வைத்தது நம் பிழை. மென்று சாப்பிட வேண்டும், முதல் தடவையே பெரிய கிண்ணம் வேண்டாம், வயிறு ஊதும்.

மூன்றாவதாகப் பருப்பு வகைப் பாஸ்தாக்கள். இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. கடைக்குப் போனவர் கொண்டைக்கடலைப் பாஸ்தா வாங்கி வந்திருந்தார், 'அதிகப் புரதம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததால். புரதம் அதிகம்தான், நார்ச்சத்தும் உண்டு. ஆனால் 56 கிராமில் 30 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது. மசூர் பருப்புப் பாஸ்தாவும் அதே கதை. முழுக்கோதுமைப் பாஸ்தாவில் நார்ச்சத்து கூடுமே தவிர மாவுச்சத்து வெள்ளைப் பாஸ்தாவுக்குப் பக்கத்திலேயே நிற்கும். சாதாரணமாகச் சாப்பிடுகிறவருக்கு இவை எல்லாம் நல்ல உணவு. நாளுக்கு 45 கிராம் என்று கணக்கு வைத்திருப்பவருக்கு இவற்றின் பெயர் உதவாது.

சோயாப் பாஸ்தா மட்டும் உண்மையாகவே வேறு ஜாதி. பச்சைச் சோயாவிலோ கருப்புச் சோயாவிலோ செய்தது. 56 கிராமில் நார்ச்சத்தைக் கழித்தால் 7 முதல் 9 கிராம் மாவுச்சத்துதான் நிற்கும், புரதமோ 24 கிராமை ஒட்டி. வாங்கி வந்தவர் கணக்குப் போட்டு அனுப்பினார்: "மேடம், இதுல 100 கிராமுக்கு மைனஸ் 5 வருது!"

சாப்பிடச் சாப்பிட மாவுச்சத்து குறையும் பாஸ்தா. கண்டுபிடித்தவருக்குப் பரிசே கொடுக்கலாம். நடந்தது இதுதான்: அவர் வாங்கியது ஐரோப்பியப் பாக்கெட். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி கார்போஹைட்ரேட், அதாவது மாவுச்சத்து, என்று அச்சிடும் எண்ணில் நார்ச்சத்து சேராது, அது தனி வரி. அமெரிக்கப் பாக்கெட்டில் மொத்தக் கார்போஹைட்ரேட்டுக்குள் நார்ச்சத்தும் அடக்கம், அங்கேதான் கழிக்க வேண்டும். இவர் ஏற்கெனவே கழித்த எண்ணில் மறுபடி கழித்துவிட்டார். எண் எதிர்மறைக்குப் போனதால் பிழை தெரிந்தது. போகாமல் 4 என்றோ 6 என்றோ வந்திருந்தால் மாதக்கணக்கில் தெரியாமலே ஓடியிருக்கும். வேறு நாட்டுப் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் முதலில் இதைப் பாருங்கள்.

சோயாப் பாஸ்தாவில் கடி இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. பச்சைப்பயறு வாடையும் இருந்தது. தக்காளிச் சாஸில் அந்த வாடை முன்னால் வந்து நின்றது. நிறையப் பூண்டு, காய்ந்த மிளகாய், ஆலிவ் எண்ணெய், கடைசியில் எலுமிச்சைத் தோல் சீவல் போட்டபோது அடங்கியது. நூற்றுக்கு எழுபது மதிப்பெண் கொடுத்தார். மகள் நாற்பது கொடுத்தாள்.

நிஜப் பாஸ்தா

எழுபது போதுமென்று நான் கோப்பை மூடியிருக்கலாம். அவர்தான் கேட்டார்: "கொஞ்சமா நிஜப் பாஸ்தாவே சாப்பிட்டா என்ன ஆகும்?"

கேள்வி நியாயமானது. ஓர் உணவின் மாவுச்சத்து எவ்வளவு வேகமாகச் சர்க்கரையை ஏற்றும் என்று காட்டுவது கிளைசெமிக் குறியீடு. வெள்ளை ரொட்டிக்கு அது 75-ஐ ஒட்டி இருக்கும்போது கோதுமையிலேயே செய்த ஸ்பகெட்டி 50-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. துரம் கோதுமை ரவையை அழுத்திப் பிசைந்து அச்சில் தள்ளும்போது அதன் குளூட்டன் புரதம் வலைபோல் மாவுத் துகள்களைச் சுற்றிக்கொள்கிறது. செரிமான நொதிகள் அந்த வலைக்குள் மெல்லத்தான் நுழைய முடியும். குழைய வேகவிட்டால் துகள்கள் ஊதி உடைந்து வலையும் தளர்ந்துவிடும். அதனால் இவருக்குப் பிடித்த அந்த நடுக்கெட்டிப் பதமே சர்க்கரையையும் சற்று மெதுவாக ஏற்றும் பதம். அவர் ஆசை அவருக்கே சாதகமாக இருந்த ஒரே இடம் இது.

ஆனால் குறியீடு அளவை மறைத்துவிடக் கூடாது. குறியீட்டை மாவுச்சத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் கிளைசெமிக் சுமை கிடைக்கும். பிறந்தநாள் தட்டில் பாஸ்தாவுக்கு மட்டும் 47. ஒரு வேளைக்கு 20-ஐத் தாண்டினாலே அதிகம் என்பார்கள். 35 கிராம் காய்ந்த பாஸ்தாவுக்கு 25 கிராம் மாவுச்சத்து, சுமை 13.

குளிர வைத்துச் சூடாக்கிச் சாப்பிட்டால் பாஸ்தா சர்க்கரையை ஏற்றாதாமே என்றும் கேட்டார். வெந்த மாவுச்சத்து ஆறும்போது ஒரு பகுதி மறுபடி இறுகிச் செரிக்காத வகையாக மாறுவது உண்மை. சூடாக்கினாலும் ஒரு பங்கு அப்படியே நிற்கும். நேற்றைய பாஸ்தா மிச்சமிருந்தால் அது கூடுதல் லாபம். அதை நம்பித் தட்டின் அளவைக் கூட்டுவதற்கு நான் சம்மதிக்கவில்லை.

35 கிராம் என்றால் ஸ்பகெட்டியில் ஒரு சின்னப் பிடி. நான்கு சுற்றில் தட்டு காலி. இந்த இடத்தில் தீர்வைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அவரும் மகளும். மெல்லிய ஸ்பகெட்டியை விட்டுவிட்டுத் தடித்த சுவருள்ள பெரிய குழாய்ப் பாஸ்தாவுக்கு மாறினார்கள். எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொரு குழாயிலும் அவர் தேடிய கடி முழுசாக இருந்தது. அதே நீளத்துக்குச் சுக்கினியைத் தடித்த துண்டுகளாக நறுக்கி, ஓரம் கருகும்படி சுட்டு, காளானும் சேர்த்து ஒரே சாஸில் புரட்டினார்கள். பாஸ்தா வேஷம் போட வைத்தபோது தோற்ற அதே சுக்கினி, காயாகவே வந்தபோது தட்டை நிரப்பியது. மூன்று வாய்க்கு ஒரு வாயில் குழாய் வரும். "எது வரும்னு தெரியாம சாப்பிடுறது நல்லா இருக்கு மேடம்" என்றார்.

சாஸில் சில திருத்தங்கள் தேவைப்பட்டன. பாட்டில் தக்காளிச் சாஸில் சர்க்கரை சேர்த்திருந்தது. அரைக் கோப்பையில் 10 கிராம் மாவுச்சத்து ஏறிவிடும், அது பாஸ்தாவிலேயே செலவாகட்டும் என்று தக்காளியை வீட்டிலேயே வதக்கச் சொன்னேன். வெள்ளைச் சாஸில் மைதாவை எடுத்துவிட்டு முட்டை மஞ்சள் கருவும் சீஸும் போட்டார்கள், அடுப்பை அணைத்த பிறகு, திரிந்துவிடாமல். பாஸ்தா வெந்த தண்ணீர் சாஸைக் கோத்துப் பிடிக்கும் என்பது சமைப்பவர்களுக்குத் தெரியும். 35 கிராமைப் பெரிய பாத்திரத் தண்ணீரில் வேகவைத்தால் அந்தத் தண்ணீர் வெறும் உப்பு நீராகத்தான் இருக்கும். சின்ன வாணலியில் பாஸ்தா மூழ்கும் அளவு தண்ணீர் வைத்தால் போதும், கஞ்சிபோல் கொழகொழப்பு கிடைக்கும்.

சாப்பிடும் வரிசையையும் மாற்றினோம். முதலில் சாலட்டும் கோழியும், பத்து நிமிடம் கழித்துப் பாஸ்தா. 2015-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை இரண்டு வரிசையில் கொடுத்துப் பார்த்தார்கள். காயும் கோழியும் முன்னால், ரொட்டியும் பழச்சாறும் பின்னால் என்ற வரிசையில் ஒரு மணி நேரச் சர்க்கரை சுமார் 37 சதவீதம் குறைவாக இருந்தது. 11 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். செலவில்லாத, கெடுதலில்லாத பழக்கம் என்பதால் சொன்னேன். சாப்பிட்டதும் இருபது நிமிட நடை.

அந்த வெள்ளியின் எண்கள்: சாப்பிடும் முன் 94, ஒரு மணி நேரத்தில் 127, இரண்டில் 136, மூன்றில் 118. மூன்று மணி வரை பார்க்கச் சொன்னது காரணத்தோடுதான். எண்ணெயும் சீஸும் சேர்ந்தால் வயிறு மெதுவாகக் காலியாகும், உச்சம் தள்ளிப்போகும். ஒரு மணி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மகிழ்ந்து தூங்கப் போகிறவர்கள் உண்டு. விரலை இந்த முறை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார்.

பிறகு நான்கு வெள்ளிகள் இதே தட்டை அளந்தார். இரண்டு மணி நேர எண்கள் 129, 141, 133, 126. அன்றைய தினம் மற்ற வேளைகளில் 20 கிராமுக்குள் நின்றுகொண்டு இரவுக்கு இடம் விட்டார். 141 வந்த வாரம் பாஸ்தா குழைந்துவிட்டது, போனில் பேசிக்கொண்டிருந்தாராம். ஒரு தடவை நடந்ததை வைத்து இதுதான் காரணம் என்று எழுத மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் கடிகாரம் வைக்காமல் வேகவைப்பதில்லை.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஹெச்பிஏ1சி 5.8. எடை 69.5. இவை பாஸ்தாவால் வந்தவை என்றோ பாஸ்தாவை மீறி வந்தவை என்றோ சொல்ல இந்த ஒருவரின் கதை போதாது. உணவுமுறையை அவர் கைவிடாமல் இருந்தார், அதற்கு வெள்ளிக்கிழமை உதவியது என்று அவரே சொன்னார். அவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

யாருக்குப் பொருந்தாது

அவர் கணவரும் சேர்ந்துகொள்ள விரும்பினார். அவர் எடுத்துக்கொண்டிருந்தது சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரை. அந்த மாத்திரையோடு மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலே, கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலங்கள் ஆபத்தான அளவுக்குச் சேரலாம். இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவருக்கு ஆபத்து எதிர்ப்பக்கம், சர்க்கரை தாழ்ந்துவிடும். மருத்துவரைப் பார்த்து மருந்தைப் பேசிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். வலிப்பு நோய்க்காக மருத்துவக் கண்காணிப்பில், மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய கீட்டோ உணவு எடுப்பவர்களுக்கும் இந்த 35 கிராம் ஏற்பாடு பொருந்தாது. அங்கே ஒவ்வொரு கிராமும் சிகிச்சையின் பகுதி.

போன வாரம் புதுக் கேள்வி வந்திருக்கிறது. மகளுக்கு, பாஸ்தாத் தாள்களை அடுக்கடுக்காக வைத்துச் சுடும் லசான்யா வேண்டுமாம். கத்தரிக்காயை நீளவாட்டில் மெல்லிதாகச் சீவி, உப்புப் போட்டுத் துடைத்து, ஓவனில் கால் மணி நேரம் காயவிட்டு அடுக்குகளாக வைக்கச் சொன்னேன். நிஜப் பாஸ்தாத் தாள் மேல் அடுக்கில் மட்டும், ஆளுக்கு ஒன்று. 18 கிராம் தாளில் 13 கிராம் மாவுச்சத்து. அதன் ஓரம் மொறுமொறுப்பாக, நடுவே கெட்டியாக நிற்க வேண்டும் என்றால் ஊறவைக்காமல் வைத்து, சாஸை மேலே மெல்லிதாகத் தடவ வேண்டும். வெள்ளிக்கிழமை செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றிருக்கிறார்.